சல்ஃபர் கம்போஸ்ட் போட்டா 'உப்பு நிலம்' மாறுமா? மூட்டை ஆர்டர் பண்ணும் முன் ஒரு கணக்கு

ஊரில் இரண்டு ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது. மழை பெய்தால் மூன்று நாளானாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. காய்ந்துவிட்டால் கடப்பாரையே இறங்காது. அப்பாவிடம் கேட்டால், "அது உப்பு நிலம்ப்பா, விடு" என்பார். நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து கூகுள் செய்தால், கந்தகம் (அதான், சல்ஃபர்) கலந்த கம்போஸ்ட் விளம்பரம் வந்து நிற்கும். 'பி.எச் குறையும், நிலம் உயிர் பெறும்.' நாலு மூட்டை ஆர்டர் போட்டு ஊருக்கு அனுப்பிடலாமா?

கொஞ்சம் பொறுங்க. கந்தக கம்போஸ்ட் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா 'உப்பு' நிலத்திலும் செய்யாது, நாலு மூட்டையிலும் செய்யாது.

களர் வேற, உவர் வேற

ஊரில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஆனால் ஆய்வகத்தில் இவை இரண்டு தனித்தனி நோய்கள். சாதாரண உப்புகள் அதிகம் கரைந்திருக்கும் மண் உவர். காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும், பி.எச் பெரும்பாலும் 8.5-க்குள் இருக்கும். களர் மண்ணில் கரைந்த உப்பு குறைவாகவே இருக்கலாம். அங்கே பிரச்சினை சோடியம். களிமண் துகள்களில் கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் சோடியம் உட்கார்ந்திருக்கும். அந்த இடங்களில் 15 சதவீதத்துக்கு மேல் சோடியம் பிடித்துவிட்டால் அது களர். பி.எச் 8.5-ஐத் தாண்டும், சில வயல்களில் 10-ஐக்கூடத் தொடும். இரண்டும் சேர்ந்த உவர்களர் நிலமும் உண்டு.

கால்சியம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். சோடியமோ அவற்றைப் பிரித்துவிடும். தண்ணீர் பட்டதும் பிரிந்த துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. அதனால்தான் மேலே குளமாக நிற்கும் வயலில், அரை அடி தோண்டினால் மண் காய்ந்து கிடக்கிறது.

தமிழ்நாட்டில் எது அதிகம்? கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, இங்கே உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர். அதில் சுமார் 3.55 லட்சம் களர். உவர் என்று கணக்கில் வருவது 13 ஆயிரம் ஹெக்டேர்தான். அதாவது, நாம் 'உப்பு நிலம்' என்று பொதுவாகச் சொல்வதில் மிகப் பெரும்பகுதி சோடியம் பிரச்சினை.

உவர் நிலத்துக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கடலோர வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தபோது, மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடித்ததுதான் மீட்பில் பெரும்பங்கு வகித்தது. வெறும் உவர் மண்ணில் கந்தகத்தைக் கொட்டினால், அது சல்ஃபேட்டாக மாறி இருக்கும் உப்போடு இன்னும் கொஞ்சம் உப்பு சேரும், அவ்வளவுதான்.

கந்தகம் உள்ளே என்ன செய்கிறது?

தனிக் கந்தகம் நேரடியாக எதையும் செய்யாது. மண்ணில் உள்ள தயோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் அதை ஆக்சிஜனோடு சேர்த்துக் கந்தக அமிலமாக்க வேண்டும். ஒரு கிலோ கந்தகம் முழுவதும் மாறினால் ஏறக்குறைய 3 கிலோ அமிலம். அந்த அமிலம் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து ஜிப்சம் ஆக்குகிறது. ஜிப்சத்தில் இருந்து வரும் கால்சியம், சோடியத்தை எழுப்பி விட்டு அந்த இடத்தில் உட்காரும். விரட்டப்பட்ட சோடியம், சோடியம் சல்ஃபேட்டாகத் தண்ணீரில் கரைந்து வெளியேற வேண்டும்.

ஆக, கடைசியில் வேலை செய்வது ஜிப்சம்தான். கடலை போடுகிறவர்களுக்கு இது பழகிய பெயர், ஏக்கருக்கு 160 கிலோ வரை போடுவார்கள். களர் நிலத்துக்குத் தேவைப்படுவது டன் கணக்கில்.

அப்புறம் கம்போஸ்ட் எதற்கு? களர் மண்ணில் அங்ககச் சத்து மிகக் குறைவு, பாக்டீரியாவுக்குச் சாப்பாடே இருக்காது. கம்போஸ்ட் அந்தச் சாப்பாட்டைத் தருகிறது, மண் துகள்களைச் சேர்த்துக் கட்டித் தண்ணீர் இறங்க வழி செய்கிறது. அது மட்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைக்கும். சாணமும் பயிர்க்கழிவும் உள்ள குவியலில் கந்தகத் தூளைக் கலந்து, ஈரம் காத்துப் புரட்டிவிட்டால், அமிலமாகும் வேலை வயலுக்குப் போகும் முன்பே தொடங்கிவிடும். கூடவே ஒரு லாபம்: குவியலின் பி.எச் குறைவதால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்து போவதும் குறையும். (வீட்டில் செய்பவர்கள் கவனிக்க: கந்தகத் தூள் எளிதில் தீப்பிடிக்கும், கண்ணை எரிக்கும். மாஸ்க் போடுங்க, பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்.)

இப்போ அந்த மூட்டைக் கணக்கு

வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ கந்தகம் சுமார் 5.4 கிலோ தூய ஜிப்சத்துக்குச் சமம். உங்கள் மண்ணுக்கு ஏக்கருக்கு 2 டன் ஜிப்சம் வேண்டும் என்று ஆய்வகம் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். அதற்கு ஈடான கந்தகம் சுமார் 370 கிலோ. நீங்கள் வாங்கும் கம்போஸ்ட்டில் 5 சதவீதம் கந்தகம் இருந்தால், 40 கிலோ மூட்டையில் இருப்பது 2 கிலோ கந்தகம். ஜிப்சமாகப் பார்த்தால் 11 கிலோகூட இல்லை. முழுத் தேவையையும் இதிலேயே தீர்க்க ஏக்கருக்கு 7 டன்னுக்கு மேல், அதாவது 180 மூட்டைக்கு மேல் வேண்டும்!

நாலு மூட்டையில் நிலம் மாறாது என்பது இதனால்தான். கந்தக கம்போஸ்ட்டை ஜிப்சத்துக்குத் துணையாகப் பார்ப்பதுதான் என் கணிப்பில் நடைமுறைக்கு ஒத்துவரும். மூட்டையில் கந்தக சதவீதம் அச்சிடவில்லை என்றால் வாங்கவே வேண்டாம். கம்போஸ்ட்டிலேயே உப்பு அதிகமாக இருக்கலாம் என்பதையும் பாருங்க. நகரக் கழிவு உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, மின்கடத்துத்திறன் 4-ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது அதற்காகத்தான்.

இன்னொரு சிக்கல் நேரம். பாக்டீரியாவுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். சேற்றுழவு செய்து தண்ணீர் கட்டிய நெல் வயலில் காற்று ஏது? கந்தகம் அப்படியே கிடக்கும். ஏற்கெனவே சல்ஃபேட்டாக மாறியதும் காற்றில்லாத சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடாகி வேரைக் கெடுக்கலாம். அதனால் கோடை உழவோடு கலந்து, லேசான ஈரத்தில் சில வாரங்களாவது விட வேண்டும். ஜிப்சத்துக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை, போட்டுத் தண்ணீர் கட்டலாம்.

முதலில் டெஸ்ட்

மண்வள அட்டை இருக்கிறதே என்பீர்கள். அதில் பி.எச், மின்கடத்துத்திறன், சத்துகள் என 12 விவரங்கள் இருக்கும். ஆனால் சோடிய சதவீதமும் ஜிப்சம் தேவையும் அதில் கிடையாது. பி.எச் 8.5-க்கு மேல் இருந்தால், ஆய்வகத்தில் அந்த இரண்டையும் தனியாகக் கேட்டு வாங்குங்க. உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்பதற்கு ஒரு சின்ன சோதனை: உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்க. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, கந்தகத்துக்கு வேலை இருக்கிறது. நுரைக்கவே இல்லை என்றால் ஜிப்சமே பாதுகாப்பான வழி.

போர் தண்ணீரையும் சோதிக்கணும். அதில் சோடியம் பைகார்பனேட் அதிகம் இருந்தால், நீங்கள் விரட்டிய சோடியத்தை மோட்டாரே திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி அமைந்திருப்பதே களர் நிலத்தில்தான். களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் அங்கே உருவானவை. மண் சரியாகும்வரை நிலத்தைச் சும்மா போட வேண்டியதில்லை. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுவிட்டு, இந்த ரகங்களில் ஒன்றைப் போடலாம்.

ஆர்டர் போடும் முன் அப்பாவிடம் இன்னொன்றும் கேட்டு வையுங்க: வயலில் இருந்து வடியும் தண்ணீர் எங்கே போகிறது? சோடியம் அந்தத் தண்ணீரில்தான் வெளியேறும். பொது வாய்க்கால் இல்லாமல் கீழ்வயலில் போய் விழுகிறது என்றால், மருந்தை விட முதலில் பேச வேண்டியது அந்த வயல்காரரிடம்தான்.