சுளுக்குதானே என்று விட்டுவிடலாமா?

பட்டுக்கோட்டை, மதுக்கூர், பேராவூரணி வட்டாரத்தில் பல காலனிகளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வலை கட்டியிருப்பதைப் பார்க்கலாம். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. பன்னிரண்டு பேர் ஆட இதுவே போதும். தனித்தனியே மட்டையோ கவசமோ வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் கைக்கெட்டும் ஆட்டம் வாலிபால். அதனால்தான் நம் தெருக்களில் அது வேர்விட்டிருக்கிறது.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் குறுவட்டத்தில் தொடங்கி, மாவட்டம் தாண்டி மாநிலம் வரை போகிற மாணவருக்கு விளையாட்டு விடுதி கிடைக்கலாம். கல்லூரியில் இடம் கிடைக்கலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. நடவுக்கும் தேங்காய் உரிக்கவும் போகிற குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்போடு சேர்த்து இது இன்னொரு வாசல். அந்த வாசல் ஒரு கணுக்கால் பிசகில் அடைபட்டுப் போவதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம்.

நடப்பது பெரும்பாலும் இதுதான். பையன் எகிறி அடித்துவிட்டு இறங்கும்போது கால் மடங்குகிறது. யாரோ எண்ணெய் போட்டு நீவி விடுகிறார்கள். நொண்டிக்கொண்டே அடுத்த செட்டையும் ஆடுகிறான். வீட்டில் அம்மா கேட்டால் சுளுக்கு என்று முடித்துக்கொள்கிறான். மாதம் ஒன்று கழிந்தும் வீக்கம் வற்றுவதில்லை. அப்புறம் தஞ்சாவூருக்கு அழைத்துப் போக அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு தனி. அடுத்த வருடம் அவன் பெயர் அணியில் இருப்பதில்லை.

சிறிய காயம் என்று எதையும் ஒதுக்க முடியாது என்பதைச் சென்னை நமக்குக் கற்றுக்கொடுத்தது. 2022 நவம்பரில் வடசென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, முழங்கால் தசைநார்க் கிழிசலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் போட்ட கட்டு இறுக்கமாகி ரத்த ஓட்டம் தடைபட்டது. காலை எடுக்க நேர்ந்தது. நவம்பர் 15-ஆம் தேதி உயிரும் போனது. எளிய குடும்பத்துப் பெண், ஆட்டத்தால் முன்னேற நினைத்தவர். அதே ஆண்டு ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே கபடி ஆடிக்கொண்டிருந்த 22 வயது இளைஞர் களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். ஆட்டம் வேறு, பாடம் ஒன்றுதான்: களத்தில் இறங்கும் முன்பே பாதுகாப்பை யோசிக்க வேண்டும்.

எங்கே அடிபடுகிறது?

வாலிபாலில் அதிகம் அடிபடும் இடம் கணுக்கால். அதுவும் வலைக்குக் கீழே, நடுக்கோட்டின் மேல். அடித்தவர் இறங்கும்போது, தடுக்க எகிறியவரின் பாதத்தின் மேல் மிதித்துவிடுகிறார். கால் உள்பக்கம் மடங்குகிறது. பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மேல் இருந்தால் மறுபக்கம் மிதிப்பதை விதி அனுமதிக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

நார்வே நாட்டில் 1990-களில் மருத்துவர்கள் இதற்கு வழி தேடினார்கள். எகிறி இறங்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். முன்பு சுளுக்கு ஏற்பட்டவர்களுக்கு ஆட்டம் காட்டும் பலகையில் ஒற்றைக்காலில் நின்று சமநிலை காக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இதற்கு ஜிம் தேவையில்லை. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு பந்தைப் பிடித்து எறிவதைத் தினமும் பத்து நிமிடம் செய்தாலே ஒரு தொடக்கம். பயிற்சியின்போது மட்டும் கோட்டைத் தொட்டாலே தவறு என்று உடற்கல்வி ஆசிரியர் வைத்துக்கொண்டால், பிள்ளைகள் நேராக எகிறி நேராக இறங்கப் பழகுவார்கள்.

அடுத்தது விரல். தடுக்கும்போது பந்து விரல் நுனியில் பட்டு மூட்டு விலகும். அதைக் களத்திலேயே இழுத்து விடக் கூடாது. எலும்பு முறிந்திருந்தால் காயம் பெரிதாகும்.

மூன்றாவது முழங்கால். குறுவட்டப் போட்டியை ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதால் நன்றாக ஆடும் அணி மூன்று, நான்கு ஆட்டம் ஆடுகிறது. அதே பையன் இரவில் ஊர் மின்னொளிப் போட்டிக்கும் போகிறான். முட்டிச் சில்லுக்குக் கீழே விடாத வலி வருவது இப்படித்தான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

மண்ணும் கம்பமும்

விதிப்படி ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் வெற்றிடம் வேண்டும். கம்பம் பக்கக்கோட்டுக்கு வெளியே அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி, வழவழப்பாக, இழுவைக் கம்பி இல்லாமல் நிற்க வேண்டும்.

நம் காலனிகளில் எப்படி இருக்கிறது? கோட்டை ஒட்டியே முள்வேலி. துருப்பிடித்த குழாயை நட்டு, இரண்டு பக்கமும் கம்பி இழுத்து முளை அடித்திருக்கிறார்கள். பந்தைத் துரத்தி ஓடுகிறவன் அந்தக் கம்பியில்தான் இடறுகிறான். 2025 நவம்பரில் அரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் கூடைப்பந்துக் கம்பம் சாய்ந்து 16 வயது வீரர் இறந்த செய்தியை நாடே பார்த்தது. கம்பத்தின் அடியைக் கான்கிரீட்டில் புதைப்பதும், ஆட்டத்துக்கு முன் ஆட்டிப் பார்ப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை.

அறுவடை முடிந்த வயலில் ஆடுகிறவர்கள் வெடிப்பை மண் போட்டு நிரப்பித் தண்ணீர் தெளித்து மட்டப்படுத்த வேண்டும். தாள்கட்டை வெறும் பாதத்தைக் கிழிக்கும். செம்மண் தரையில் கல் பொறுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் ஆட்டம் வேண்டாம். இரவுப் போட்டியில் விளக்குக்கு இழுக்கும் ஒயர் தரையில் கிடக்கக் கூடாது.

போட்டி நடத்துகிறவர்கள் கவனத்துக்கு

காலை ஏழு மணிக்கே பிள்ளைகளை அழைத்து வந்து, பதினொரு மணி வெயிலில் இறக்கும்போது அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளை மயங்கி விழுவது உடல் பலவீனத்தால் மட்டும் அல்ல, வறுமையால். குடிநீர், நிழல், மாணவிகளுக்குக் கழிப்பறை, உடை மாற்ற இடம் ஆகியவை இல்லாமல் போட்டி தொடங்கக் கூடாது. முதலுதவிப் பெட்டி, பனிக்கட்டி, தயார் நிலையில் ஒரு வண்டி, முதலுதவி தெரிந்த ஒருவர் என நான்கும் களத்தில் இருக்க வேண்டும்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்குக் காயம் பட்டால் அன்றே காப்பாளருக்கும் வீட்டுக்கும் தகவல் போக வேண்டும். இரவில் வீக்கம் கூடும்போது அந்தப் பிள்ளை யாரிடம் சொல்வது?

அடிபட்டால்

ஆட்டத்தை நிறுத்துங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். காலை உயரத் தூக்கி வையுங்கள். முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவுவதும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், வீக்கம் கூடும். துணிக்கட்டு கட்டினால் விரல் நீலமாகிறதா, மரத்துப் போகிறதா என்று அடிக்கடி பாருங்கள். அப்படி இருந்தால் உடனே கட்டைத் தளர்த்துங்கள்.

நான்கு அடி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்பக்க ஓரத்தை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். தலையில் அடிபட்டவர் எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு மீண்டும் இறங்கக் கூடாது. மயக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், நெஞ்சில் பலமான அடி என்றால் 108-ஐ அழையுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கேட்பது நம் உரிமை

போட்டிக்கு அனுப்பும்போது ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்கச் சொல்வார்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து வாங்கியதால் பள்ளியின் பொறுப்பு தீர்ந்துவிடாது. காயம் பட்டால் செலவு யாருடையது, நிதியுதவிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே, போட்டிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் இப்போதே எடுத்துவிட வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் வாய் திறக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில், காலனி மைதானத்தைச் சமன் செய்து கம்பம் நட்டுத் தரும்படி தீர்மானம் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கு நிதி ஒதுக்க 2024-இல் தமிழகம் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. ஊர்ப் பொது மைதானத்தில் நம் பிள்ளைகளை ஆட விடாமல் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொது இடம் மறுக்கப்படுவதால்தான் முள்ளிலும் கல்லிலும் ஆடுகிறோம் என்றால், அந்தக் காயத்துக்கும் சாதிதான் காரணம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வலியை மறைப்பது வீரம் அல்ல. இன்றைக்கு ஒரு ஆட்டம் உட்கார்ந்தால் அடுத்த பத்து வருடம் ஆடலாம். வலிக்கிறது என்று முதலில் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் வீட்டில் சொல்லுங்கள். வீட்டிலும் வழி தெரியவில்லை என்றால் தெருவில் சொல்லுங்கள். உங்களோடு வந்து கேட்க நாங்கள் இருக்கிறோம்.