கழற்றிய துப்பாக்கியும் காணாமற்போகும் ஆணியும்

வியட்நாம் போரின்போது எம்-16 துப்பாக்கிகள் சண்டைக்கு நடுவே சிக்கி நின்றன. வீரர்கள் ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று பழி சொல்லப்பட்டது. அது நியாயமற்ற பழி என்பேன். தோட்டாவின் வெடிமருந்து மாற்றப்பட்டிருந்தது. துப்புரவுக் கருவிகளும் பயிற்சியும் தொடக்கத்தில் போதிய அளவில் தரப்படவில்லை. ஓவியர் வில் ஐஸ்னரின் படக்கதைக் கையேடு 1968-இல்தான் வந்தது.

துடைப்பதற்குக் கழற்ற வேண்டும். கழற்றினால் சிறு உறுப்புகள் தொலையும். தோட்டா அறையை அடைக்கும் 'போல்ட்' பகுதியைப் பிரிக்கையில், கொண்டை ஊசி போன்ற கம்பி ஒன்று முதலில் கையோடு வரும். புல்லில் விழுந்தால் தேடியெடுப்பது அரிது. அடுத்தது, அது பிடித்து நிறுத்தியிருந்த சுடும் ஊசி. அதன்பின் வருவது 'கேம் பின்' என்னும் குட்டை ஆணி; போல்ட்டைச் சுழற்றிப் பூட்டுவது இதுவே. சுடும் ஊசி விடுபட்டால் துப்பாக்கி சுடாது, அவ்வளவுதான். இந்த ஆணி விடுபட்டாலோ, பூட்டு விழாமலே சுடக்கூடும். முகத்தருகே வெடித்துச் சிதறும். இராணுவக் கையேடு இதைத் தனியே எச்சரிக்கிறது.

ஆகவே, தோட்டா இல்லையென உறுதிசெய்தபின் வெளிர்நிறத் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக உறுப்புகளை வைக்க வேண்டும்; மறுதிசையில் எடுத்துப் பூட்ட வேண்டும். தேவையற்றதைப் பிரிக்கலாகாது. வெற்றுத் தோட்டாவை இழுத்தெடுக்கும் கொக்கியின் சுருள்வில்லை அதிலேயே விட்டுவிடுவது நலம். பலர் ஒருங்கே துடைக்கும்போது ஒரு துணியில் ஒரு துப்பாக்கி மட்டுமே இருக்க வேண்டும். ஒன்றின் போல்ட் மற்றொன்றில் ஏறினால் பொருத்தம் பிசகிவிடக்கூடும்.