பாதயாத்திரைக்குப் புறப்படும் முன்: நீரிழிவு உள்ளவர்களின் குடும்பத்தினர் கவனத்திற்கு

ஆவணி பிறந்துவிட்டது. புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து செல்வோருக்கு இன்னும் ஒரு மாதமும், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை செல்வோருக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களும் உள்ளன. “டாக்டர், நான் நடக்கலாமா?” என்னும் கேள்வி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஆண்டுதோறும் வருகிறது. ஆனால் அது பெரும்பாலும் புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில்தான் வருகிறது. அதற்குள் வேண்டுதல் செய்தாயிற்று, குழுவில் பெயர் கொடுத்தாயிற்று, விரதமும் தொடங்கியாயிற்று. அந்நிலையில் மருத்துவர் சொல்லும் எந்த அறிவுரைக்கும் நேரம் இருப்பதில்லை. ஆகவே இதனை இப்போதே எழுதுகிறேன்.

ஆரணியிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை சுமார் 60 கி.மீ. கிரிவலப் பாதை மேலும் 14 கி.மீ. ஓர் எட்டுக்கு 70 செ.மீ. என்று கணக்கிட்டால், இரண்டும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான எட்டுகள். அதாவது ஒவ்வொரு பாதமும் ஐம்பதாயிரம் முறைக்கு மேல் உடலின் முழு எடையையும் தாங்கியாக வேண்டும். திருப்பதி 100 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. அதன் முடிவில் அலிபிரி வழியாயின் 3,550 படிகள், ஸ்ரீவாரி மெட்டு வழியாயின் 2,388 படிகள். உடல்நலம் மிக்க இளைஞருக்கே இதற்குப் பயிற்சி தேவை. நாள் முழுவதும் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து நெய்பவருக்கு மிதிக்கட்டையை அழுத்தும் அசைவு இருக்கிறதே தவிர, நடையின் பழக்கம் இல்லை. வீட்டில் அமர்ந்து தார் சுற்றும் பெண்களுக்கு அந்த அசைவும் இல்லை. இவர்களுள் பத்தாண்டு, பதினைந்தாண்டு காலம் நீரிழிவோடு வாழ்பவர்களைப் பற்றியே நான் மிகவும் கவலைப்படுகிறேன்.

கவலைக்குக் காரணம் வலி அன்று, வலி இல்லாமையே. “எனக்குக் கால் வலியே கிடையாது, எவ்வளவு தூரமும் நடப்பேன்” என்று ஒருவர் பெருமையாகச் சொல்லும்போது, அவருக்கு நீண்ட நாள் நீரிழிவு இருக்குமானால், நான் முதலில் அவருடைய செருப்பைக் கழற்றச் சொல்வேன்.

இதன் காரணத்தை உலகுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் முக்கியமானவை நம் ஊரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள வேலூரில் நடந்தவை. 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்றே அந்நாளில் பலரும் நம்பினர். அவர் நோயாளிகளை நாள்தோறும் கூர்ந்து கவனித்து, விரல்களை இழக்கச் செய்வது பெரும்பாலும் உணர்ச்சியின்மையே என்று கண்டார். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் கை விலகுவதில்லை. செருப்பில் ஆணி குத்தினாலும் கால் நொண்டுவதில்லை. நமக்குக் காலில் சிறிது நோவு தோன்றினால் நாம் அறியாமலேயே ஊன்றும் முறையை மாற்றிக்கொள்கிறோம். உணர்ச்சியற்ற கால் அதே இடத்தை ஆயிரக்கணக்கான முறை ஊன்றி, தசை நைந்து புண்ணாகும்வரை ஓய்வதில்லை. பின்னர் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற அவர், இதே முறையில் நீரிழிவாளர்களின் பாதங்களும் கெடுவதைக் கண்டு, அவர்களுக்கும் அதே பாதுகாப்பு முறைகளைக் கையாண்டார். இன்று நாங்கள் உங்களுக்கு எழுதித் தரும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பும், அதாவது எம்.சி.ஆர். செருப்பும், தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கப் பயன்பட்டதுதான்.

நீரிழிவில் நரம்பு பாதிக்கப்படுவது பாதத்தின் நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் செல்லும். அது மிக மெதுவாக நிகழ்வதால், உணர்ச்சி குறைந்திருப்பது அவருக்கே தெரியாது. அறுந்த பாவு இழையை விரல் பட்டவுடன் கண்டுகொள்ளும் நெசவாளர், தன் உள்ளங்காலில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டை அறியாமல் மருத்துவமனைக்குள் நடந்து வருவதை நான் கண்டிருக்கிறேன்.

உணர்ச்சி இருக்கிறதா என்று அறிய வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கிய முறை இது. நீரிழிவு உள்ளவர் செருப்பும் காலுறையும் இன்றிப் படுத்துக் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டார் ஒருவர் தம் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, ஒவ்வொன்றாக, இரு கால்களிலும் ஓரிரு நொடி மட்டும் மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தேய்க்கவோ கூடாது. தொட்டதை உணர்ந்தவுடன் அவர் எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். இவ்வாறு தொடும் ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துள்ளது என்று கொள்ளலாம். எல்லாம் உணரப்பட்டாலும் மருத்துவமனைக்கு ஒரு முறை வாருங்கள். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையாலும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் சோதித்து, கணுக்காலின் நாடித்துடிப்பையும் பார்த்துச் சொல்வோம். இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

முடிவு எவ்வாறாயினும் ஒளிக்காமல் சொல்வது என் வழக்கம். பாதத்தில் இப்போது ஆறாத புண் இருந்தாலும், நடக்கும்போது கெண்டைக்காலில் பிடிப்பு ஏற்பட்டு நின்றால் சரியாகும் நிலை இருந்தாலும், முன்பு விரல் அகற்றப்பட்டிருந்தாலும் இந்த ஆண்டு நடைப்பயணம் வேண்டாம். பேருந்தில் சென்று தரிசனம் செய்யுங்கள். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்களுக்கும், விழித்திரைக்கு இரத்தக்கசிவுக்கான சிகிச்சை பெறுபவர்களுக்கும் இதுவே பொருந்தும். உணர்ச்சி மட்டும் குறைந்து, புண்ணின்றி, இரத்த ஓட்டம் நன்றாக இருப்பவர் பயிற்சியுடனும் தக்க செருப்புடனும் குறைந்த தொலைவு நடக்கலாம். ஆனால் வெறுங்காலோடு கூடாது. கிரிவலத்தின் 14 கி.மீ.க்கும் கூடாது.

இங்குதான் வேண்டுதல் குறுக்கிடுகிறது. வெறுங்காலுடன் நடப்பதாக நேர்ந்துகொண்டவரிடம் செருப்பைப் பற்றிப் பேசுவது எளிதன்று. அந்த உறுதியை நான் மதிக்கிறேன். எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். சித்திரைப் பௌர்ணமியன்று நண்பகல் தார்ச்சாலையில் உணர்ச்சியுள்ளவர் ஒரு நிமிடம் நின்றால் துள்ளி நிழலுக்கு ஓடுவார். உணர்ச்சியற்றவர் நின்றுகொண்டே இருப்பார். மறுநாள் உள்ளங்கால் முழுதும் கொப்புளமாக இருக்கும். கார்த்திகையில் சூடு இல்லை, ஆனால் மழை உண்டு. நனைந்து ஊறிய தோல் சிறு கல்லுக்கும் கிழிந்துவிடும். கால் போனால் தறியும் போகும் என்பதை நெசவாளர் குடும்பத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல குடும்பங்களில் வீட்டுப் பெரியவரே முன்வந்து வேண்டுதலின் முறையை மாற்றிக் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன்: ஊர் எல்லைவரை செருப்பு, கோயில் வாசலில் மட்டும் வெறுங்கால் என்பது போல. இது உங்கள் குடும்பத்தினர் கூடிப் பேச வேண்டியது. புறப்படும் நாளன்று பேசாமல் இப்போதே பேசிவிடுங்கள்.

செருப்பைப் பொறுத்தவரை, பயணத்துக்கென்று புதிதாக வாங்கி அன்றே அணிவதுதான் பெருங்கேடு. மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவெடுத்து, இப்போதே வாங்குங்கள். விரலிடுக்கில் வார் செல்லும் ஹவாய் செருப்பு வேண்டாம். உணர்ச்சியற்ற கால் அதைப் பிடித்து நிறுத்த விரல்களை மடக்கிக்கொண்டே இருக்கும். அது வழியில் கழன்றாலும் தெரியாது. பின்னால் பட்டை உடையதாகவும், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் உள்ளதாகவும் இருக்கட்டும். முதல் வாரம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டாம். காலுறை வெள்ளையாக இருப்பது நல்லது. இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். ஒவ்வொரு முறை அணிவதற்கு முன்பும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடைகளில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும் வேண்டாம். அந்தப் பிளாஸ்திரியிலுள்ள அமிலம் ஆணியை மட்டுமன்றி நல்ல தோலையும் கரைக்கும். இங்கே வந்தால் நாங்களே நீக்கிவிடுவோம்.

பயிற்சி நாளொன்றுக்கு 20 நிமிடத்தில் தொடங்கலாம். வாரந்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் கூட்டுங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, அடுத்தடுத்த இரு நாட்களில் 8 முதல் 10 கி.மீ. வரை நடந்து, மறுநாள் காலையில் பாதத்தில் சிவப்போ கொப்புளமோ இல்லை என்றால்தான் உடல் ஆயத்தமாகிவிட்டது என்று பொருள். கடைசி வாரத்தில் ஓய்வே நன்று. 60 கி.மீ. தொலைவை மூன்று நாட்களாகப் பிரித்து நடங்கள். ஒரே இரவில் விடியற்காலைக்குள் சென்று சேர்ந்துவிட வேண்டும் என்ற இளைஞர்களின் போட்டியில் பெரியவர்கள் சேர வேண்டாம்.

மருந்துகளை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல இயலாது. மருந்துச் சீட்டுடன் வந்து கேளுங்கள். சிலவற்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். நடை, இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்பவர்களுக்கும் அது அளவுக்கு மீறிக் குறையக்கூடும். நடந்து முடித்த அன்றிரவு உறக்கத்திலும் குறையலாம். இவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுப்போம். மெட்ஃபார்மின் மட்டும் உண்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் உண்பவர்கள் விரதமிருந்து நடப்பதாயின் கட்டாயம் முன்னதாகவே சொல்லுங்கள். உடலில் நீர் வற்றுவதோடு, சர்க்கரை அதிகம் உயராமலேயே இரத்தத்தில் அமிலம் கூடும் நிலையும் வரலாம். முட்டி வலிக்கென்று வழியில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கி விழுங்க வேண்டாம். நீர் வற்றிய உடலில், இரத்த அழுத்த மாத்திரைகளுடன் அவை சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். பாராசிட்டமால் போதும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றப் பேச்சு ஆகியவற்றை “நடந்த களைப்பு” என்று உடன்வருவோர் எண்ணிவிடுவதே வழக்கம். சர்க்கரை 70க்குக் கீழே இருந்தாலோ, சோதிக்கும் கருவி இல்லாவிட்டாலோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள்; 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். சர்க்கரைப் பொட்டலம் நீரிழிவாளரின் பையில் மட்டும் இருந்தால் போதாது. உடன்வருபவரின் சட்டைப்பையிலும் இருக்க வேண்டும்.

அன்னதானம் குறித்தும் ஒரு சொல். வழியெங்கும் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் அன்போடு தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வராது. ஆரணி அரிசிச் சோற்றில் வளர்ந்தவர்கள் அல்லவா! ஒவ்வொரு பந்தலிலும் ஒரு பிடி வாங்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு பந்தலிலும் ஓர் இலை உண்ணக் கூடாது. உணவு எப்போது கிடைக்கும் என்பது உறுதியில்லை ஆதலால், சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினை உணவு கைக்கு வந்த பிறகே போடுங்கள். இன்சுலினை வண்டியின் முன்பலகையில் வைக்காதீர்கள். ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயம் போதும்.

ஒவ்வொரு நாள் நடை முடிந்ததும் குடும்பத்தினர் ஒருவர் கைவிளக்கின் ஒளியில் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். புறங்கையை இரு பாதங்களிலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அது புண்ணாகப் போகும் இடம். மறுநாள் அவர் நடக்கக் கூடாது, வண்டியில் வரட்டும். கொப்புளத்தை ஊசியால் குத்தாமல், சுத்தமான துணியால் மூடி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

நம் வீடுகளின் பழக்கம் ஒன்றை இங்கே தடுத்தாக வேண்டும். களைத்து வந்தவருக்கு உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைக்கச் சொல்வது அன்பின் செயல்தான். ஆனால் உணர்ச்சியற்ற பாதம் வெந்நீரில் வெந்துபோனாலும் அவர் “இதமாக இருக்கிறது” என்றே சொல்வார். சாதாரண நீரில் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்தால் போதும்.

ஊர் திரும்பிய பிறகும் பத்து நாட்கள் இந்தப் பார்வை தொடரட்டும். அழுந்திய தசை நைந்து புண்ணாக வெளிப்படச் சில நாட்கள் ஆகும். சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, காரணமற்ற காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே வாருங்கள். வரும்போது நடந்த செருப்பையும் கழுவாமல் எடுத்து வாருங்கள். அதன் தேய்மானத்தைப் பார்த்தால் எந்த இடத்தில் அழுத்தம் விழுந்தது என்று எங்களுக்குத் தெரியும்.