மொரீஷியஸில் கிரியோல் பயின்றோம்

மொரீஷியஸ் தீவில் தமிழர் வாழ்கின்றனர் என்பதை நம்மில் பலரும் அறிவோம். அந்நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து உண்டு என்பதையும் சிலர் அறிந்திருக்கக் கூடும். ஆகவே, அலுவல் நிமித்தம் இரண்டு ஆண்டுகள் அத்தீவில் தங்க நேர்ந்தபோது, முப்பது ஆண்டுகளாக மும்பையில் குடியிருந்த நாங்கள் இருவரும் மிக்க மகிழ்ச்சியுடன் விமானம் ஏறினோம். இங்கே அண்டை வீட்டாரோடு இந்தியும் மராத்தியும் பேசிக் காலம் கழிந்தது. அங்கேயாவது வாய் நிறையத் தமிழ் பேசலாம் என்பது எங்கள் எண்ணம். அந்த எண்ணம் பொய்த்தது. அது பொய்த்த விதத்தை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றே இதனை எழுதுகின்றோம்.

நாங்கள் குடியிருந்த ஊரின் பெயர் காத்ர் போர்ன். ஊரை ஒட்டிக் கோர் த கார்த் என்னும் மலை நிற்கின்றது. மலைச்சரிவில் முருகன் கோயில் கொண்டிருக்கின்றான். தைப்பூசத்தன்று காவடிகள் வரிசையாக மலையேறும் காட்சியைக் கண்டால், பழனியில் நிற்கின்றோமோ என்ற மயக்கம் தோன்றும். அந்நாள் அத்தீவு முழுவதற்கும் அரசாங்க விடுமுறை.

எங்கள் அடுத்த வீட்டில் எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருந்தார். முதல் தைப்பூசத்தன்று வாழையிலையில் சோறும் ஏழு வகைக் கறியும் படைத்து, அதில் எங்களுக்கும் ஒரு பங்கு கொண்டுவந்தார். நாங்கள் தமிழில் நலம் விசாரித்தோம். பாட்டி புன்னகையுடன் தலையசைத்தாரே அன்றிப் பேசவில்லை. அப்போது எங்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "நெற்றி நிறைய விபூதி இருக்கிறது, வாயில் ஒரு தமிழ்ச் சொல் இல்லையே!" என்று சொல்லிவிட்டோம். பாட்டிக்குப் புரியாது என்ற துணிவுதான். சொல் புரியாவிட்டாலும் தொனி புரியும் அல்லவா? பாட்டியின் முகம் வாடிற்று. அதன்பின் பல வாரங்கள் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

ஆங்கிலம் அறிந்த அவருடைய மகள்தான் ஒரு நாள் எங்களிடம் செய்தியைச் சொன்னார். "அம்மாவுக்கு வருத்தம். அதைத் தீர்க்க வேண்டுமானால் நீங்கள் நேரில் பேச வேண்டும். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தால் அது நன்றாயிராது" என்றார். அன்றுதான் கிரியோல் பயில்வது என்று தீர்மானித்தோம்.

கிரியோல் என்பது பிறந்த கதை துயரம் மிகுந்தது. பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் அத்தீவை ஆண்டபோது, மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தனர். ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத அம்மக்கள், எசமானரின் பிரெஞ்சுச் சொற்களை எடுத்துத் தமக்கென ஒரு புது மொழியைச் சமைத்துக்கொண்டனர். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே என்பவர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர் சிலரும் அங்கே சென்றனர். 1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக இறக்கப்பட்டனர். 1835இல் அடிமை முறை ஒழிந்தது. கூலிகளாகச் சென்றோரில் நம்மவரும் பலர். அவர்கள் இறங்கிய துறையான ஆப்பிரவாசி காட், 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

எங்களுக்கு ஆசிரியையாக வாய்த்தவள் பாட்டியின் பேத்தி, வயது எட்டு. 2012 முதல் அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் கிரியோலும் விருப்பப் பாடமாக இருக்கின்றது. அவளுடைய பாடப் புத்தகமே எங்களுக்கும் பாடப் புத்தகம் ஆயிற்று.

தமிழருக்கு அம்மொழி கடினமன்று. வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. 'மோ' என்றால் நான். 'மோ பே மான்ஸே' என்றால் உண்டுகொண்டிருக்கின்றேன். 'மோ தி மான்ஸே' என்றால் உண்டேன். 'மோ பு மான்ஸே' என்றால் உண்பேன். அவன், அவள், அது மூன்றுக்கும் 'லி' என்ற ஒரு சொல்லே போதும். நீருக்குத் 'திலோ', வீட்டுக்கு 'லகாஸ்'. பிரெஞ்சு இலக்கணம் அறிந்தவர் இவற்றில் முன்னொட்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்பர். எங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

ஆயினும் ஓரிடத்தில் சறுக்கினோம். அம்மொழியில் நீ என்பதற்குத் 'தோ', நீங்கள் என்பதற்கு 'ஊ'. ஒத்திகையின்போது பாட்டியைத் 'தோ' என்று விளித்தோம். சிறுமி திடுக்கிட்டு, "பாட்டியை அப்படிச் சொல்லக் கூடாது!" என்று கடிந்தாள். மரியாதை அறிந்தவர்கள் என்று எங்களையே மெச்சிக்கொண்டிருந்த நாங்கள், எட்டு வயதுக் குழந்தையிடம் மரியாதை கற்றுக்கொண்டோம்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். 'எஸ்கிஸ் மவா' என்று தொடங்கி, எங்கள் பிழையை எங்கள் வாயாலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டோம். எங்கள் உச்சரிப்பைக் கேட்டுப் பாட்டி முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பின்பு எங்களை அமரச் செய்து பேசினார்.

"என் பாட்டனாருக்குத் தமிழ் தெரியும். என் தாய்க்குச் சாமி கும்பிடும் அளவுக்குத் தெரியும். தோட்டத்தில் போஜ்புரிக்காரரோடும் கிரியோல்காரரோடும் சேர்ந்து கரும்பு வெட்டினோம். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கிரியோல் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும். வீட்டுக்கு வந்தால் உறங்கத்தான் நேரம். தமிழை நாங்கள் எறியவில்லை, கையிலிருந்து நழுவிவிட்டது" என்றார்.

எழுந்து சென்று ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். திருப்புகழ்ப் பாடல்கள் உரோமன் எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. பொருள் அறியாமலே அறுபது ஆண்டுகளாக அவற்றைப் பாடி வந்திருக்கின்றார். எங்களால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

பிறகு சமையலறைக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் எங்களுக்கு வியப்புக் காத்திருந்தது. ஒரு கொத்து இலையைக் காட்டி, 'கரிப்புலே' என்றார். அது கறிவேப்பிலை! 'கொத்தோமிலி' என்று கொத்தமல்லியைக் காட்டினார். 'ப்ரேத் முரும்' முருங்கைக்கீரை, 'பிப்பங்காய்' பீர்க்கங்காய், அடுப்பில் கொதித்த 'ரசோன்' நம் ரசமேதான். இவையெல்லாம் கிரியோல் சொற்கள் என்றே பாட்டி எண்ணியிருந்தார். அந்நாட்டில் எல்லா இனத்தாரும் கடைத்தெருவில் இவற்றைச் சொல்லித்தான் வாங்குகின்றனர். இவை தமிழ் என்று நாங்கள் சொன்னோம்.

பாட்டி கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் இத்தனை நாளும் நான் தமிழ் பேசிக்கொண்டுதான் இருந்தேனா?" என்று கேட்டார்.

கண்ணீரை மறைக்க நாங்கள் ரசத்தைப் புகழ வேண்டியதாயிற்று.

அத்தீவில் தமிழை மீட்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. பள்ளிகளில் தமிழ் பயில வழியுண்டு. 1998இல் வெளியான ரூபாய்த் தாள்களில் தமிழ் தன் பழைய வரிசையிலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டபோது, தமிழ் வமிசத்தவர் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. பேச இயலாத மொழிக்காக அத்தனை பேர் குரல் எழுப்பினர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மும்பைக்குத் திரும்பியதும் எங்கள் பேரன் ஓடிவந்து இந்தியில் வரவேற்றான். முன்பாயிருந்தால், "தமிழில் சொல்லடா" என்று அதட்டியிருப்போம். இப்போது அதட்டுவதில்லை. அவன் சொல்வதை அவன் மொழியிலேயே முழுதும் கேட்கின்றோம். பிறகு கதை ஒன்றைத் தமிழில் சொல்கின்றோம். அவன் கேட்கின்றான். ஞாயிறுதோறும் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கும் வருகின்றான்.

மொழி நழுவிய பிள்ளைகள் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றனர். அவர்களை ஏளனம் செய்தால், மிஞ்சியிருக்கும் சில சொற்களையும் கூச்சத்தால் விட்டுவிடுவர். நாம் முதலில் அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சென்று கைப்பிடித்தால், நம்மோடு நடந்து வருவர்.

பாட்டியிடம் விடைபெற்றபோது அவர் எங்களுக்குக் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைத் தந்தார். "இதன் பெயர்?" என்று கேட்டோம். "க-றி-வேப்-பி-லை" என்று ஓரெழுத்தும் பிசகாமல் சொன்னார்.