எழுத்தை எண்ணியவரும் சரக்கை விற்றவரும்

தவணை விடுமுறை நெருங்கினால் விளையாட்டுச் சாமான் கேட்டு வரும் பெற்றோர் பலர், "பிள்ளைக்குப் பிரயோசனமான ஏதாவது இருக்கா?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். வியாபாரிகளான நம்மிடம் இதற்குப் பதில் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் 'கல்வி' என்று அச்சிட்டிருப்பது பதிலாகாது.

ஸ்கிரபிளை எடுத்துக்கொள்வோம். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ் உருவாக்கிய விளையாட்டு அது. பத்திரிகைப் பக்கங்களை வைத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று அவர் எண்ணினார். அந்தக் கணக்கில்தான் வில்லைகள் அமைந்தன. ஆங்கிலப் பெட்டியில் மொத்தம் 100 வில்லைகள். அடிக்கடி வரும் 'ஈ'க்கு 12 வில்லை, தலா 1 புள்ளி. அரிதான 'கியூ'வுக்கு ஒரே வில்லை, 10 புள்ளி. விளையாடும் பிள்ளை எழுத்துக்கூட்டவும், இரட்டிப்பு, மும்மடங்குக் கட்டங்களில் கணக்குப் பார்க்கவும் தானாகவே பழகிக்கொள்கிறது. பகடையும் கிடையாது. பகடை உருட்டுவதை விரும்பாத நம் வீடுகளிலும் தயங்காமல் வாங்கலாம்.

சரக்கு நல்லதென்றால் உடனே விற்றுவிடுமா? கம்பனிகள் பட்ஸைத் திருப்பி அனுப்பின. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் பொறுப்பேற்று ஸ்கிரபிள் என்று பெயரிட்டார். 1949இல் 2,400 பெட்டிகள் செய்தும் 450 டொலர் நட்டம். 1952இல்தான் வியாபாரம் சூடு பிடித்தது. நியூயோர்க்கின் மேசிஸ் கடைத் தலைவர் விடுமுறையில் அதை விளையாடிப் பார்த்து, தன் கடையில் இல்லையே என்று பெரிய ஓடர் கொடுத்தாராம்.

விளையாடிப் பார்த்தவரால்தான் விற்க முடியும். என் கடையில் ஒரு பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்திருக்கிறேன். அதன் விலையை விளம்பரச் செலவாக எழுதிக்கொள்கிறேன். மலிவுச் சரக்கு எடுப்பவர்கள் ஒரு பெட்டியைத் திறந்து வில்லைகளை எண்ணிப் பாருங்கள். எழுத்துக் குறைந்தால் விளையாட்டே கெட்டுவிடும். வாங்கியவர் மறுபடி உங்கள் கடைக்கு வரமாட்டார்.

அச்சகம் நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழில் எழுத்துகள் 247. க, கா, கி என்று ஒவ்வொன்றுக்கும் வில்லை போட்டால் பை நிறையும், பிள்ளைக்குச் சொல் சேராது. ஆங்கிலப் பெட்டியைப் பார்த்து அப்படியே அடிப்பதில் பயனில்லை. தமிழில் ஒன்று செய்ய நினைத்தால், மெஷினை ஓட்டுமுன் பழைய பத்திரிகை ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எண்ண உட்காருங்கள். முதலீட்டில் மலிவானதும் முக்கியமானதும் அந்த வேலைதான்.