5 ஜோடியில் இருந்து 10,000 மீன்கள்... அழிந்த இனத்தை மீட்ட மீன் தொட்டி! எப்படி நடந்தது?

ஆற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் மீன் தொட்டியில் உயிரோடு இருந்தது. அங்கிருந்தே மறுபடியும் ஆற்றுக்குப் போன மீன்தான் டெக்கிலா ஸ்ப்ளிட்ஃபின்.

எங்கே இருக்கிறது இந்த மீன்?

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், டெக்கிலா எரிமலைக்கு அருகில் உள்ள தெவுச்சித்லான் ஆறுதான் இதன் சொந்த ஊர். விரல் நீளம்கூட வராத சின்ன மீன். ஆண் மீனின் வாலில் ஆரஞ்சு நிறத்தில் பிறை போல ஒரு பட்டை இருக்கும்.

ஏன் அழிந்தது?

ஆற்று நீர் மாசடைந்தது. வெளியிலிருந்து வந்த மீன் இனங்களும் பெருகின. 2003-ம் ஆண்டு வாக்கில் ஆற்றில் இந்த மீன் காணாமலே போய்விட்டது.

இது எப்படி குட்டி போடும்?

கப்பி, மோலி போல இதுவும் குட்டி போடும் மீன்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கப்பியின் குட்டி, முட்டையின் மஞ்சள் கருவை நம்பியே வளரும். இதன் குட்டிக்கோ, தொப்புள் கொடி மாதிரி நாடா போன்ற இழைகள் இருக்கும். அவை வழியாகத் தாயிடமிருந்தே சத்து கிடைக்கும். குட்டி பிறக்க சுமார் 2 மாதம் ஆகும். கப்பி அளவுக்கு நிறைய குட்டிகளும் கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பெண் கப்பி ஒரு தடவை இணைந்தாலே பல மாதங்களுக்கு குட்டி போடும். இந்த மீனால் அப்படி ஆண் விந்தணுவைச் சேமித்து வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஆண் மீன் வேண்டும். தொட்டியில் ஆண்கள் செத்துப் போனால், அந்த வம்சம் அதோடு முடிந்தது.

மீட்டது யார்?

1998-ல் இங்கிலாந்தின் செஸ்டர் உயிரியல் பூங்கா, மெக்சிகோவின் மிச்சோகான் பல்கலைக்கழகத்துக்கு 5 ஜோடி மீன்களை அனுப்பியது. மீன் வளர்ப்பவர்கள் காப்பாற்றி வைத்திருந்த மீன்கள் அவை.

உடனே ஆற்றில் விட்டார்களா?

இல்லை. தொட்டியில் நேரத்துக்குத் தீனி கிடைக்கும், எதிரியே கிடையாது. அப்படி வளர்ந்த மீன் ஆற்றில் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அதனால் 2012-ல் 40 ஆண், 40 பெண் மீன்களைப் பல்கலைக்கழகத்தின் செயற்கைக் குளங்களில் விட்டார்கள். அங்கே பறவை, ஆமை, பாம்பு எல்லாம் உண்டு. தீனியும் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. நாலு வருஷத்தில் எண்ணிக்கை சுமார் 10,000-ஐத் தொட்டது.

2017-ல் சுமார் 1,500 மீன்கள் தெவுச்சித்லானில் விடப்பட்டன. அங்கேயே அவை குட்டி போட்டுப் பெருகத் தொடங்கின. ஆற்று நீரின் தரத்தைக் கண்காணிக்கும் வேலையில் உள்ளூர் மக்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டில் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

* தண்ணீர் மிதமான குளிர்ச்சியில் இருக்க வேண்டும். எப்போதும் சூடாக வைக்கக் கூடாது.
* ஒரே ஜோடி போதாது. கூட்டமாக வளர்க்க வேண்டும்.
* நெருங்கிய உறவுள்ள வேறு இனங்களோடு கலக்கக் கூடாது. கலப்பு வந்துவிட்டால், அந்த மீன்கள் இனத்தை மீட்கப் பயன்படாது.
* எந்தத் தொட்டி மீனையும் ஆற்றிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது. இந்த மீன் அழியக் காரணமானதில் வெளியிலிருந்து வந்த மீன்களும் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது!