ஒரு டிக் கூட்டும், ஒரு டிக் கழிக்கும்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாமா போனை என் பக்கம் நீட்டினார். சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக வேண்டுமாம். பஸ் தேடும் ஆப்பில் ‘ஏசி’க்கு டிக் போட்டார், பட்டியல் சுருங்கியது. ‘நான் ஏசி’க்கும் போட்டார், நீண்டது. அடுத்த தலைப்பில் ‘ஸ்லீப்பர்’ போட்டதும் மறுபடி சுருங்கியது. “என்னடா, இதுக்குப் புத்தி இருக்கா இல்லையா?”

“மாமா, காய்கறிக் கடையில ‘தக்காளியும் கத்தரிக்காயும் குடு’ன்னு கேட்டா என்ன பண்ணுவாங்க?”

“ரெண்டையும் அள்ளிப் போடுவாங்க.”

“‘தக்காளி கெட்டியாவும் இருக்கணும், சிவப்பாவும் இருக்கணும்’னா?”

“பொறுக்கணும்.”

அவ்வளவுதான் விஷயம். நம்முடைய ‘உம்’ ஓரிடத்தில் கூட்டுகிறது, ஓரிடத்தில் கழிக்கிறது. நமக்குக் கேட்டதும் புரிந்துவிடும். மெஷினுக்கு முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: ஒரே தலைப்புக்குள் போடும் டிக்குகளுக்கு நடுவே ‘அல்லது’, தலைப்புக்கும் தலைப்புக்கும் நடுவே ‘மேலும்’. ஒரே பஸ் ஏசியாகவும் நான் ஏசியாகவும் ஓடாதே! கணித மேதை ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட நூலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. ‘ஐரோப்பிய ஆண்களும் பெண்களும்’ என்பதை அவர் z(x+y) என்று எழுதினார். ஆணும் பெண்ணும் கூட்டல், ஐரோப்பியர் என்பது பெருக்கல். மாமாவின் பஸ்ஸும் அதேதான்: ஸ்லீப்பர் × (ஏசி + நான் ஏசி).

வம்பு ‘வசதிகள்’ என்ற தலைப்பில்தான். சார்ஜர், போர்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே பஸ்ஸில் இருக்கலாம். சார்ஜருக்கும் போர்வைக்கும் டிக் போடுகிறவர் இரண்டும் வேண்டுமென்றுதான் போடுகிறார். வழக்கம் மாறாமல் ‘அல்லது’ வைத்தால், போர்வை இல்லாத பஸ்ஸும் வந்து நிற்கும். அதை வடிவமைத்தவரின் சோம்பல் என்றுதான் சொல்வேன்.

பட்டா, சிட்டா பார்க்கும் அரசுப் பக்கத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒன்றுதான். தர்மபுரியின் ஏழு வட்டங்களில் அரூரைத் தொட்டால் அரூர் கிராமங்கள் மட்டுமே விரியும். பென்னாகரத்து ஊரை அங்கே தேடி ஏமாற வழியே இல்லை.

மாமா டீயை முடித்துவிட்டு எல்லாத் தலைப்பையும் மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தார். “அது சரி, எனக்கு முட்டி வலி. கீழ் பெர்த் மட்டும் காட்டச் சொல்ல எங்கடா டிக் போடணும்?”

அப்படி ஒரு தலைப்பு அந்த ஆப்பில் இல்லை.